மொட்டைமாடியிலிருந்து நெபுலா: ஃபில்டர் வாங்கும் முன்பும் பின்பும்

நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களை, டெலஸ்கோப் வழியே படம் எடுக்க மாட்டும் ஃபில்டர் ஒளியைக் கூட்டாது. வருகிற ஒளியில் வேண்டாததைக் கழிப்பதுதான் அதன் வேலை, கழிக்கும்போது வேண்டியதிலும் கொஞ்சம் போகும். "படத்தில் நெபுலாவே தெரியவில்லை, நல்ல ஃபில்டர் ஒன்று போட்டால் வந்துவிடும்" என்று நினைத்து முதல் செலவையே ஃபில்டரில் செய்பவர்கள் பலர். கேமரா, ஃபிளாட்னர் (படத்தின் மூலைகளைச் சரிசெய்யும் லென்ஸ்), கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து டெலஸ்கோப்பின் சுழற்சியைத் திருத்திக்கொண்டே இருப்பது) மூன்றும் சரியாக அமைந்த பிறகுதான் ஃபில்டரால் பலன் கிடைக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் கேமராவும் ஃபிளாட்னரும் முதலில் வருகின்றன, கைடிங் படி 6ல் வருகிறது.

கையில் இருக்கும் கருவி என்று நாம் எடுத்துக்கொள்வது இது: 60 முதல் 80 மி.மீ. விட்டமும் 350 முதல் 450 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சிறிய ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்), வானத்தோடு சேர்ந்து சுழலும் ஈக்வட்டோரியல் மவுண்ட் எனும் தாங்கி, ஒரு டிஎஸ்எல்ஆர் அல்லது குளிரூட்டும் வசதியுள்ள கலர் கேமரா. கறுப்புவெள்ளையில் மட்டும் பதியும் மோனோ கேமராவும், ஃபில்டர்களை மாற்றித்தரும் ஃபில்டர் வீலும் தனிக்கதை. தொடக்கத்தில் அவை வேண்டாம்.

படி 1: எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?

ஓரியன், ரோஸெட், லகூன், கரீனா, வெய்ல் போன்ற நெபுலாக்களில் வாயு தானே ஒளிர்கிறது. அந்த ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருக்காது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாகவும் (எச்-ஆல்ஃபா), ஆக்சிஜன் 495.9, 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாகவும் (ஓ-3), கந்தகம் 671.6, 673.1 நானோமீட்டரில் ஆழ்சிவப்பாகவும் (எஸ்-2) ஒளிவிடும். இந்த அலைநீளங்களுக்கு மட்டும் வழிவிட்டு மற்றதை மறித்தால், நகரத்து வெளிச்சத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். நெபுலா கிட்டத்தட்ட முழுசாக உள்ளே வரும்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றித் தெரியும் நீலப்புகை, எம்78, ஐரிஸ் நெபுலா ஆகியவை வேறு வகை. அங்கே தூசு நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளியில் எல்லா நிறமும் உண்டு, ஆகவே மேலே சொன்னபடி சில அலைநீளங்களுக்கு மட்டும் வழிவிடும் குறும்பட்டை ஃபில்டர் போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். இருள் நெபுலாவுக்கும் கேலக்ஸிக்கும் இதே கதிதான். அவற்றுக்கு மருந்து ஃபில்டர் இல்லை, இருட்டான ஊருக்குப் பயணம்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்க ரோஸெட் நல்ல தேர்வு. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில் ஏறக்குறைய உச்சிவானத்தில் நிற்கும். அகலம் சுமார் 1.3 டிகிரி, அதாவது முழுநிலவைப்போல் இரண்டரை மடங்கு. 360 மி.மீ. குவியத்தூரத்தில் ஏபிஎஸ்-சி சென்சார் (பல டிஎஸ்எல்ஆர்களில் உள்ள அளவு) சுமார் 3.5 க்கு 2.4 டிகிரி வானத்தைப் பிடிக்கும், தாராளமாக அடங்கும். கரீனா நம் தெற்கு வானத்தின் சொத்து. சென்னையில் அதிகபட்சம் 17 டிகிரி, கன்னியாகுமரியில் 22 டிகிரி உயரம் வரும். மார்ச் நடுவில் இரவு 11 மணி அதற்கு உச்ச நேரம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது, அவர்கள் கோடையில் வட அமெரிக்க நெபுலாவைப் பார்க்கலாம்.

படி 2: கேமராவுக்குள் ஏற்கெனவே ஒரு ஃபில்டர் இருக்கிறது

சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு. மனிதத் தோலின் நிறம் இயல்பாக வர வேண்டும் என்பதற்காக அது ஆழ்சிவப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. பெரும்பாலான மாடல்களில் எச்-ஆல்ஃபாவில் ஏறத்தாழ கால் பங்குதான் சென்சாரை எட்டும். ரோஸெட், கலிஃபோர்னியா போன்ற நெபுலாக்களின் ஒளி பெரும்பாலும் எச்-ஆல்ஃபாதான் என்பதால், வெளியே எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டர் மாட்டினாலும் உள்ளே இருப்பது முக்கால் பங்கை விழுங்கிவிடும்.

இதற்கு மூன்று வழிகள்.

மாற்றாத கேமராவோடே தொடங்கலாம். அப்படியானால் பிரகாசமான ஓரியனையும் லகூனையும் ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். ஓ-3 மிகுந்த வெய்ல் நெபுலாவும் ஓரளவு வரும்.

கேமராவை 'ஆஸ்ட்ரோ மாட்' செய்துகொள்ளலாம். இதில் இரண்டு விதம் உண்டு. எச்-ஆல்ஃபாவை விட்டு அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் கண்ணாடியாக மாற்றுவது ஒன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு நிறமாலைக்கும் திறப்பது இன்னொன்று. தொடங்குபவர்களுக்கு முதலாவது போதும். கேனான் 60டிஏ (2012), நிகான் டி810ஏ (2015), கேனான் ஈஓஎஸ் ஆர்ஏ (2019) ஆகியவை தொழிற்சாலையிலேயே இப்படி வந்தவை. பழைய பொருள் சந்தையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது, குளிரூட்டும் கலர் கேமரா. இவற்றில் பலவற்றின் முன்கண்ணாடி வெறும் பாதுகாப்புக் கண்ணாடி. அது அகச்சிவப்பைத் தடுக்காது. குறும்பட்டை ஃபில்டர் இல்லாமல் எடுக்கும் நாளில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் யூவி/ஐஆர் கட் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால், லென்ஸ் அகச்சிவப்பை வேறு இடத்தில் குவிப்பதால், ஃபோகஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் நட்சத்திரங்கள் பஞ்சுபோல உப்பித்தான் தெரியும். உங்கள் மாடலின் முன்கண்ணாடி எந்த வகை என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

படி 3: ஃபிளாட்னரும் 55 மி.மீ. கணக்கும்

சிறிய ரிஃப்ராக்டரின் குவியத்தளம் வளைந்திருக்கும், சென்சாரோ தட்டை. நடுவில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும்போது மூலையில் வால்நட்சத்திரம்போல் இழுத்துக்கொண்டு நிற்பது இதனால்தான். இதைச் சரிசெய்வது ஃபிளாட்னர். குவியத்தூரத்தை 0.8 மடங்காகக் குறைக்கும் ரெட்யூசரும் சேர்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. எஃப்/6 கருவி (குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு) எஃப்/4.8 ஆகும், அதே எக்ஸ்போஷரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்றரை மடங்கு ஒளி. உங்கள் டெலஸ்கோப்பைத் தயாரித்தவரே அதற்கென்று பரிந்துரைக்கும் ஃபிளாட்னரை வாங்குங்கள், பொதுவானது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். எஃப்/5 நியூட்டோனியன் (குழியாடி வைத்த டெலஸ்கோப்) வைத்திருப்பவர்களுக்கு ஃபிளாட்னருக்குப் பதில், மூலை நட்சத்திரங்களின் வாலைச் சரிசெய்யும் கோமா கரெக்டர்.

பெரும்பாலான ஃபிளாட்னர்கள் தங்கள் பின்முனையிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. இடைவெளி கேட்கும். கேனான் டிஎஸ்எல்ஆரில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ., கேமராவை ஃபிளாட்னரோடு இணைக்கும் டி-ரிங் 11 மி.மீ., கூட்டினால் 55. நிகானில் 46.5, டி-ரிங் 8.5, அதுவும் 55. டிஎஸ்எல்ஆரில் சிக்கல் இல்லாமல் முடிந்துவிடுகிறது என்று தோன்றும். ஆனால் நடுவில் ஃபில்டர் டிராயர் (ஃபில்டரைச் செருகும் இழுப்பறை) நுழைக்க இடமே மிச்சமில்லை. குளிரூட்டும் கேமராக்களில் பலவற்றுக்கு உள் இடைவெளி 17.5 மி.மீ. அதோடு 21 மி.மீ. ஃபில்டர் டிராயரும் 16.5 மி.மீ. வளையமும் சேர்த்தால் 55.

இங்கேதான் ஒரு நுணுக்கம். ஃபிளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவே ஃபில்டர் வைத்தால், அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கை இடைவெளியில் கூட்ட வேண்டும். 2 மி.மீ. கண்ணாடி என்றால் சுமார் 0.7 மி.மீ., ஆக 55.7. இதற்கு 0.1 முதல் 1 மி.மீ. வரையான மெல்லிய வாஷர் தொகுப்பு விற்கிறார்கள். விலை அதிகமில்லை, முதலிலேயே வாங்கி வையுங்கள். ஃபில்டரை ஃபிளாட்னருக்கு முன்னால், டெலஸ்கோப் பக்கம் மாட்டினால் இந்தக் கூட்டல் தேவையில்லை, ஃபோகஸ் மட்டும் சற்று நகரும். பல ஃபிளாட்னர்களின் முன்முனையில் 48 மி.மீ. மரை இதற்காகவே இருக்கிறது. டிஎஸ்எல்ஆர்காரர்கள் 2 அங்குல ஃபில்டரை அங்கே திருகிவிடலாம்.

இடைவெளி சரியா என்று மூலைகளைப் பார்த்தே சொல்லலாம். நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி நீண்டிருந்தால், பெரும்பாலான ஃபிளாட்னர்களில் இடைவெளி போதவில்லை என்று பொருள், வாஷர் சேருங்கள். மையத்தைச் சுற்றி வட்டமடிப்பதுபோல் வளைந்திருந்தால் இடைவெளி அதிகம். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் அது சாய்வு. மரைகள் இறுகியிருக்கின்றனவா, ஃபோகஸர் குழாய் கேமரா எடையில் தொங்குகிறதா என்று பாருங்கள். படம் முழுக்க ஒரே திசையில் நீண்டிருந்தால் ஃபிளாட்னரைத் திட்டாதீர்கள், அது மவுண்டின் கோளாறு.

படி 4: இப்போது ஃபில்டர்

கடைகளில் 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்' என்று விற்கப்படும் அகலப்பட்டை வகை சோடியம், மெர்குரி விளக்குகளின் காலத்துக்காக உருவானது. சோடியம் 589 நானோமீட்டரிலும், மெர்குரி 436, 546 நானோமீட்டரிலும் கோடுகளாக ஒளிவிடும், அந்த இடங்களை மட்டும் மறித்தால் போதும். தெருவிளக்குகள் வெள்ளை எல்இடியாக மாறிய பிறகு வெளிச்சம் நிறமாலை முழுக்கப் பரவிவிட்டது, மறிப்பதற்குத் தனிக்கோடு இல்லை. நகரத்துக்குள் இதில் பணம் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

கலர் கேமராவுக்கு ஏற்றது இரட்டைக் குறும்பட்டை ஃபில்டர், அதாவது டூயல் பேண்ட். எச்-ஆல்ஃபாவுக்கு ஒரு ஜன்னல், ஓ-3க்கு ஒரு ஜன்னல். சிவப்பு பிக்சலில் ஹைட்ரஜன் விழும், பச்சை, நீல பிக்சல்களில் ஆக்சிஜன் விழும், பின்னர் கணினியில் பிரித்துக்கொள்ளலாம். ஜன்னலின் அகலத்தில்தான் விலையும் வித்தியாசமும். ஆப்டோலாங் எல்-என்ஹான்ஸில் எச்-ஆல்ஃபா பக்கம் 10 நானோமீட்டர், எச்-பீட்டாவையும் (ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடு) சேர்த்துக்கொள்ளும் ஓ-3 பக்கம் 24. எல்-எக்ஸ்ட்ரீமும் எஸ்விபோனி எஸ்வி220யும் 7 நானோமீட்டர். ஆன்ட்லியா ஏஎல்பி-டி 5. எல்-அல்டிமேட் 3.

குறுகக் குறுக வானத்தின் பின்னணி இருளும், நெபுலா எடுப்பாகத் தெரியும். அப்படியானால் 3 நானோமீட்டரையே வாங்கிவிடலாமே? எஃப்/6 கருவியும் 300 வினாடி கைடிங்கும் கையில் இருந்தால் வாங்கலாம். எஃப் எண் குறைந்த, அதாவது வேகமான கருவிகளில் வேறொரு தொல்லை வருகிறது. இந்த ஃபில்டர்களின் பூச்சு, ஒளி நேராக வரும்போதுதான் சொன்ன அலைநீளத்தில் திறந்திருக்கும். சாய்வாக வரும் கதிருக்கு ஜன்னல் நீலப்பக்கம் நகரும். எச்-ஆல்ஃபாவில் விளிம்புக் கதிருக்கான நகர்வு எஃப்/6ல் சுமார் அரை நானோமீட்டர், எஃப்/4ல் ஒன்றேகால், எஃப்/2ல் ஏறத்தாழ 5. 3 நானோமீட்டர் ஜன்னல் எஃப்/2ல் விளிம்புக் கதிருக்கு மூடியே போய்விடும். எஃப்/4க்குக் கீழே போகிறவர்கள் வேகக் கருவிகளுக்கென்று தனியாகச் செய்த பதிப்பைத்தான் வாங்க வேண்டும். கேமரா லென்ஸை எஃப்/2ல் திறந்து வைத்துக்கொண்டு "ஃபில்டர் சரியில்லை" என்று குறைபடுபவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

எஃப்/5 முதல் எஃப்/6 வரை உள்ள ரிஃப்ராக்டர், நகரத்து மொட்டைமாடி, மாற்றிய அல்லது குளிரூட்டும் கேமரா என்றால் நம் தேர்வு 7 நானோமீட்டர். கைடிங் இல்லாத சிறிய டிராக்கரில் எடுப்பவர்களுக்கு எல்-என்ஹான்ஸ் போன்ற அகலமானது பொருந்தும்.

'நான்கு பட்டை' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். எச்-ஆல்ஃபாவும் எஸ்-2வும் சிவப்பு பிக்சலிலேயே விழுகின்றன. ஒரே படத்தில் இரண்டும் கலந்துவிட்டால் கலர் கேமராவால் பிரிக்க முடியாது. தனி எச்-ஆல்ஃபா ஃபில்டரும் கலர் கேமராவில் நான்கில் ஒரு பிக்சலையே பயன்படுத்தும். ஐபீஸில் திருகும் வண்ண ஃபில்டர் தொகுப்பு, நிலா ஃபில்டர், பார்லோ லென்ஸ் எதுவும் இந்த வேலைக்கு உதவாது. கண்ணால் பார்ப்பதற்கான யூஎச்சி ஃபில்டர்கள் சில அகச்சிவப்பைக் கசியவிடும். கண்ணுக்கு அது தெரியாது, முழுத் திறப்பு செய்த கேமராவுக்குத் தெரியும்.

படி 5: அளவு

ஃபில்டருக்குத் தேவையான திறப்பை இப்படிக் கணக்கிடுங்கள்: சென்சாரின் மூலைவிட்டத்தோடு, ஃபில்டருக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை எஃப் எண்ணால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். 16 மி.மீ. மூலைவிட்டமுள்ள சதுர சென்சார், 25 மி.மீ. தூரம், எஃப்/5 என்றால் 16 கூட்டல் 5, ஆக 21 மி.மீ. இதற்கு 1.25 அங்குல ஃபில்டரே போதும், அதன் திறப்பு சுமார் 26 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மூலைவிட்டமே 27, 28 மி.மீ. வருவதால் 2 அங்குலம் தவிர வேறு வழியில்லை. பின்னால் பெரிய சென்சாருக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே 2 அங்குலம் வாங்குவது புத்திசாலித்தனம். டிஎஸ்எல்ஆருக்குள்ளேயே பொருத்தும் கிளிப் ஃபில்டர் டெலஸ்கோப், லென்ஸ் இரண்டோடும் வேலை செய்யும். ஆனால் கேமரா மாடல் மாறினால் அது பயன்படாமல் போகலாம். கேனானின் ஈஎஃப்-எஸ் லென்ஸ்களின் பின்முனை உள்ளே நீண்டு இடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 6: ஃபில்டர் போட்டதும் தேவைப்படுபவை

நகரத்தில் ஃபில்டர் இல்லாமல் எஃப்/6ல் 30 முதல் 60 வினாடியில் வானம் வெளுத்துவிடும். 7 நானோமீட்டர் ஃபில்டரோடு 180 முதல் 300 வினாடி தேவை. ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும் வரை நேரத்தைக் கூட்டுங்கள். அத்தனை நேரம் நட்சத்திரம் புள்ளியாக நிற்க கைடிங் வேண்டும். 30 மி.மீ. விட்டம், 120 மி.மீ. குவியத்தூரமுள்ள கைடு ஸ்கோப், ஒரு சிறிய மோனோ கேமரா, இலவச மென்பொருளான பிஹெச்டி2. இது போதும்.

ஃபோகஸுக்கு பாட்டினோவ் மாஸ்க். 2005ல் ரஷ்யாவின் பாவெல் பாட்டினோவ் உருவாக்கிய, கோடுகள் வெட்டிய தட்டு இது. பிரகாசமான நட்சத்திரத்தில் மூன்று கதிர்கள் தெரியும், நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. ஃபில்டரை மாட்டியபின்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், முன்னால் செய்தது செல்லாது. படம் இருட்டாக இருக்கும் என்பதால் கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) கூட்டி 3 முதல் 5 வினாடி எக்ஸ்போஷரில் பாருங்கள்.

கடலோர ஊர்களில் பனித்துளி லென்ஸில் படிவது உறுதி. லென்ஸைத் தாங்கும் வளையத்தைச் சுற்றி, சூடாக்கிப் பனி படியாமல் தடுக்கும் டியூ ஹீட்டர் பட்டையை இரவின் தொடக்கத்திலேயே போடுங்கள், படிந்தபின் காய வைக்க அரைமணி போய்விடும். 8 வாட் பட்டையை 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில், பாதி மின்சாரத்தை மிச்சம் வைத்தால், சுமார் ஐந்து மணி நேரம் ஓட்டலாம்.

முதல் இரவு

ஃபில்டரைப் பகலிலேயே மாட்டி, இரு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். டெலஸ்கோப்பைப் பார்க்க வேண்டிய பக்கத்தைத் தயாரிப்பாளர் அம்புக்குறியால் காட்டியிருந்தால் அதன்படி மாட்டுங்கள். மரை சிக்கினால் முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, 'டக்' என்று விழுந்தபின் முறுக்குங்கள். பலமாக முறுக்கினால் குளிரில் சுருங்கிக் கழற்ற முடியாமல் போகும்.

டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரை மூடிவிடுங்கள், 300 வினாடியில் பின்னாலிருந்து கசியும் மொபைல் வெளிச்சமும் பதியும். ஃபில்டர் டிராயரின் விளிம்பிலும் ஒரு சுற்று கறுப்பு டேப் ஒட்டலாம். ஒரே இலக்கில் குறைந்தது 3 மணி நேரம், முடிந்தால் இரண்டு இரவில் 6 மணி நேரம் எடுங்கள். நிலா இருக்கும் இரவுகளில் எச்-ஆல்ஃபா தாக்குப்பிடிக்கும், ஓ-3 கழுவிப்போகும். கடைசியில் ஃபில்டரைக் கழற்றி 15 நிமிடம் குறுகிய எக்ஸ்போஷர்கள் எடுத்து வைத்தால், நட்சத்திரங்களின் இயல்பான நிறத்தை அதிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபிளாட் ஃபிரேம்கள் (தூசி, ஓர இருட்டு ஆகியவற்றை நீக்க, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்கள்) 20 முதல் 30. ஃபில்டர், ஃபோகஸ், கேமராவின் கோணம் எதையும் அசைக்காமல் எடுக்க வேண்டும். அசைத்தால் தூசியின் வளையங்கள் நீங்காமல் இரண்டிரண்டாகத் தெரியும். படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் ஸ்டாக்கிங்குக்கு இலவச மென்பொருள் சிரில் போதும். எச்-ஆல்ஃபாவையும் ஓ-3யையும் தனியாகப் பிரித்தெடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமான ஒளிவளையம் வந்தால் அது ஃபில்டர் பரப்புகளுக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி எதிரொளிப்பது. குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்திலுள்ள அல்னிடாக் நட்சத்திரம் இதற்குக் கடுமையான பரீட்சை. புதிய ஃபில்டர் வாங்கினால் திருப்பித்தரும் காலக்கெடுவுக்குள் அந்தப் பக்கம் ஒரு 180 வினாடிப் படம் எடுத்துவிடுங்கள். திருப்பி மாட்டியும் சென்சாரிலிருந்து தூரத்தை மாற்றியும் வளையம் குறையாவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.

வேலை முடிந்து ஏசி அறைக்குள் நேராக எடுத்துப் போகாதீர்கள். மூடியைப் போட்டு, பெட்டிக்குள் வைத்து, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். ஃபில்டரில் தூசி இருந்தால் காற்றூதியால் ஊதுங்கள், சட்டைத் துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் ஜெல்லின் நிறம் மாறுகிறதா என்று மாதம் ஒருமுறையாவது பார்த்து, மாறியிருந்தால் சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். பூஞ்சை ஒருமுறை பூச்சில் வேர்விட்டால் துடைத்து எடுக்க முடியாது.